பித்தப்பை லேப்ராஸ்கோப்பி: முதல் துளை தொப்புளில் வேண்டாம் என்கிறார் சர்ஜன், ஏன்?

கொள்ளிடக்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 61. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற மாதம் பார்த்த மூன்று மாதச் சராசரி (HbA1c) 8.9 என்று வந்திருக்கிறது. பித்தப்பையில் கற்கள் இருப்பது வேறொரு காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோதே தெரிந்திருந்தது என்றாலும், தொந்தரவு எதுவும் இல்லாததால் அப்படியே விட்டிருந்தோம். கடந்த இரண்டு மாதங்களில் மூன்று முறை, இரவுச் சாப்பாடு முடிந்து ஓரிரு மணி நேரத்தில், வலது விலாவின் கீழே தொடங்கி முதுகுவரை பரவும் கடுமையான வலி வந்தது; இரண்டு முறை ஊசி போட்ட பின்தான் அடங்கியது. லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே கேமரா விட்டு) பித்தப்பையை அகற்றிவிடலாம் என்றும், அதற்குள் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்றும் சர்ஜன் சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு அறுவையைவிட அதன் புண்ணைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருக்கிறது. அம்மாவுக்கு 1994இல் கருப்பையை அகற்றினார்கள். தொப்புளை ஒட்டித் தொடங்கி அடிவயிறுவரை நேர்க்கோட்டில் கீறிச் செய்த அறுவை அது. தையல் பிரித்த மறுநாளே புண்ணின் கீழ்ப்பகுதி வாய் திறந்து சீழ் வந்தது. இரண்டு மாதம் நாள்தோறும் கட்டுப் போட்டுத்தான் ஆறியது. கட்டுப் பிரிக்கும் நேரத்தில் பள்ளிச் சிறுமியான என்னை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பது இன்றும் நினைவில் இருக்கிறது.

இப்போது சர்ஜன், பழைய தழும்பு இருப்பதால் முதல் துளையைத் தொப்புளில் போடாமல் இடப்பக்க விலாவுக்குக் கீழே போடப் போவதாகச் சொல்கிறார். பித்தப்பை வலப்பக்கம் இருக்கும்போது துளையை இடப்பக்கம் போடுவது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அவர் தாளில் படம் வரைந்து காட்டினார். வெளியே கூட்டம் காத்திருந்ததால் நாங்களும் தலையசைத்துவிட்டு வந்துவிட்டோம்.

இன்னொன்றும் உண்டு. என் பெரியம்மாவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இதே அறுவை நடந்தது. பத்தே நாளில் புண் ஆறிவிட்டது என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது, ஒரு மாதம் கழித்துத் தொப்புளருகே கட்டிபோல் எழும்பி நீர் கசியத் தொடங்கியது. ஏழெட்டு மாதம் அவதிப்பட்டார். அதனால் உறவினர்கள், வயிற்றைத் திறந்து செய்தால் புண் கண்ணுக்குத் தெரியும், பார்த்து மருந்து போடலாம், துளைபோட்டால் உள்ளே நடப்பது யாருக்குத் தெரியும் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அவரையும் குழப்பிவிட்டார்கள். சிறிய துளையின் புண் உண்மையில் எத்தனை நாளில் ஆறுகிறது, எந்த இடத்தில் துளை போட்டால் ஆபத்து குறைவு, பெரியம்மாவுக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைவாசி (அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர்) மறுமொழி:

சகோதரி, உங்கள் சர்ஜன் எடுத்தது சரியான முடிவு. பழைய தழும்பைப் பார்த்து, அதற்கேற்ப வழியை மாற்றிக்கொள்கிறார் என்பதே எனக்கு நிம்மதி தருகிறது. உங்கள் அம்மாவை நேரில் பார்க்காத நான் சொல்வது பொதுவான விளக்கம்தான். முடிவு அவரிடமே இருக்கட்டும்.

முதல் துளை மற்றத் துளைகளைப் போன்றதன்று. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்திய பிறகுதான் உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். கேமரா உள்ளே போய்விட்டால், அடுத்த துளைகளை எல்லாம் உள்ளிருந்து பார்த்துக்கொண்டே போடலாம். முதல் துளைக்கு அந்த வசதி இல்லை. கையின் உணர்வை நம்பி ஊசியைச் செலுத்த வேண்டும், அல்லது சிறு கீறலிட்டு அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். சுவருக்கு நேர் பின்னால் குடல் ஒட்டிக்கொண்டிருந்தால், இந்த இடத்தில்தான் அது காயப்படும்.

வழக்கமாகத் தொப்புளைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வயிற்றுச் சுவரில் மிக மெலிந்த இடம் அது. தோலும் தசையுறையும் உட்புறச் சவ்வும் அங்கே ஏறத்தாழ ஒன்றாக இணைந்திருக்கும், இடையில் தசை கிடையாது, தழும்பும் மடிப்புக்குள் மறைந்துவிடும். ஆனால் நேர்க்கோட்டில் கீறி முன்பு வயிறு திறக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொப்புளின் உட்புறத்தில் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையோ குடலோ ஒட்டியிருக்கும். இன்றைய சிசேரியனுக்குப் போடுவதுபோல் அடிவயிற்றில் குறுக்காகக் கீறியிருந்தால்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கும். உங்கள் அம்மாவின் கீறல் தொப்புளைத் தொட்டு நிற்கிறது, அது சீழ்பிடித்தும் ஆறியிருக்கிறது. ஒட்டுகள் இருக்கும் என்று எண்ணித்தான் இறங்க வேண்டும்.

இடப்பக்க விலா எலும்புகளுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கும் கோட்டில் உள்ள இடத்தைப் பாமர் புள்ளி என்பார்கள். பிரெஞ்சு மகளிர் நோய் மருத்துவர் ரவுல் பாமரின் பெயரால் வழங்குவது. அந்த இடத்தில் ஒட்டுகள் அரிது. இரைப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்த பிறகு அங்கே நுழைவார்கள். மண்ணீரல் பெருத்தவர்களுக்கும், முன்பு இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் அது ஏற்றதில்லை. அங்கிருந்து உள்ளே பார்த்து, சுவர் எங்கெங்கே ஒட்டில்லாமல் இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு, பித்தப்பைக்கு வேண்டிய துளைகளை வலப்பக்கமும் மேல்வயிற்றின் நடுவிலும் போடுவார்கள். உள்ளே பத்திரமாக நுழைவதற்கே அந்த இடப்பக்கத் துளை. பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை மற்றத் துளைகள் வழியாகத்தான் நடக்கும்.

இனி புண்ணுக்கு வருகிறேன். வெளியே தெரியும் தோலைப் பார்த்து உள்ளே எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ணுவதுதான் இந்த அறுவையில் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. சுத்தமாகத் தைத்த தோலின் மேல்படலம் இரண்டே நாளில் மூடிவிடுகிறது. ஆனால் வயிற்றைத் தாங்குவது தோல் இல்லை. அதற்கடியில் இருக்கும் வெண்ணிறத் தசையுறை. முதல் நான்கைந்து நாள் உடல் அந்த இடத்தைச் சுத்தம் செய்வதிலேயே ஈடுபட்டிருக்கும். அந்த நாள்களில் நூல் ஒன்றுதான் பலம். பிறகு ஏறத்தாழ மூன்று வாரம்வரை புதிய நார்ப்பொருள் உருவாகிறது. மூன்றாம் வார முடிவில் அந்த இடத்தின் வலு பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதத்தில் முக்கால் பங்குக்கு வந்து, ஓராண்டுவரை மெதுவாக இறுகிக்கொண்டே போகும். முழு வலுவுக்கு அது ஒருபோதும் திரும்புவதில்லை. பரவலாகப் பயன்படும் விக்ரில் என்னும் கரையும் நூல் மூன்று வாரத்தில் தன் பலத்தில் பாதியை இழந்து, 56 முதல் 70 நாளில் முற்றிலும் கரைந்துவிடுகிறது. நூல் தளர்ந்து, தசையுறை இன்னும் முற்றாமல் இருக்கும் அந்த இடைக்காலத்தில்தான், உடம்பு நன்றாகிவிட்டது என்று எண்ணி வீட்டில் குடம் தூக்கத் தொடங்குகிறார்கள்.

துளை சிறிதென்பதால் குடலிறக்கம் (தசையுறை விட்டுக்கொடுத்து உள்ளிருப்பது பிதுங்குவது) வராது என்பதில்லை. பெரியவர்களுக்கு 5 மில்லிமீட்டர் துளைகளின் தசையுறையைத் தைக்காமல் விடுவது வழக்கம். 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள துளைகளைத் தைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பருத்த வயிற்றில் ஒரு சென்டிமீட்டர் கீறலின் அடியாழத்தில் தசையுறையைக் கண்டுபிடித்துத் தைப்பது கடினமான வேலை. அதற்கென்றே வளைந்த ஊசிகளும், உள்ளிருந்து கேமராவில் பார்த்துக்கொண்டே நூலைக் கோத்துவாங்கும் கருவிகளும் இருக்கின்றன. கத்திபோன்ற முனையுள்ள ட்ரோகார் (துளையிடும் குழாய்க் கருவி) நார்களை வெட்டிச் செல்லும். மழுங்கிய முனையுள்ளது நார்களை விலக்கிச் செல்வதால், வெளியே எடுத்ததும் நார்கள் மீண்டும் நெருங்கிவிடும். துளைவழிக் குடலிறக்கம் மிகுதியாக வருவது தொப்புளில்தான். அங்கே தசைப் போர்வை கிடையாது, ஈரமும் அழுக்கும் தங்கும் குழியும் அதுவே. விலாவுக்குக் கீழே தசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதால் அங்கு இது மிகவும் அரிது. ஆகவே அம்மாவுக்குத் தொப்புளைத் தவிர்ப்பதில் இரட்டை நன்மை இருக்கிறது.

திறந்த அறுவை நல்லது என்ற பேச்சுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பயிற்சி பெற்ற காலத்தில் பித்தப்பை என்றாலே வலது விலாவை ஒட்டி ஒரு சாண் நீளக் கீறல்தான். ஜெர்மனியில் எரிக் மூஹே 1985இல் லேப்ராஸ்கோப்பி வழியே முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். இந்தியாவில் 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டெஹெம்டன் உத்வாடியா அதைச் செய்தார். முதல் சில ஆண்டுகள் நானும் தயங்கியவன்தான். அறுவை முடிந்த மறுநாள் காலையில் நோயாளி தானே எழுந்து உட்கார்ந்து இருமித் துப்புவதைப் பார்த்த பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது. நீண்ட கீறல் உள்ளவர் வலிக்குப் பயந்து மூச்சை ஆழமாக இழுக்கமாட்டார், சளி தேங்கும், காய்ச்சல் வரும். அதோடு, கீறல் நீளமாக நீளமாகக் கிருமிக்கு இடமும் கூடும். புண் தொற்று திறந்த அறுவையைவிட இதில் தெளிவாகவே குறைவு. சர்க்கரை உள்ளவருக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியமானது.

சர்க்கரையைப் பொறுத்தவரை, அவசரமில்லாத அறுவை என்றால் சராசரியை 8க்குக் கீழே கொண்டுவந்துவிட்டு நாள் குறிப்பது நல்லது. அறுவை நாளிலும் அடுத்த சில நாள்களிலும் இரத்தச் சர்க்கரை 180 மி.கி./டெ.லி.யைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் வேலை மந்தமாகிவிடும். அம்மா சாப்பிடும் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அறுவைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். மயக்க மருத்துவரிடமும் சர்க்கரை மருத்துவரிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் மாற்று மருந்தோடு நிறுத்துங்கள்.

வெண்தாமரை (அறுவைச் சிகிச்சை வார்டு செவிலியர்) மறுமொழி:

மருத்துவர் ஐயா உள்ளே நடப்பதைச் சொல்லிவிட்டார். வெளியே நாங்கள் நாள்தோறும் பார்ப்பதை நான் சொல்கிறேன்.

அறுவைக்கு முதல் நாள் வீட்டில் பிளேடால் வயிற்றை மழித்துக்கொண்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் விழுந்து, காலைக்குள் கிருமி அங்கே குடியேறிவிடும். தேவையென்றால் நாங்களே கிளிப்பர் வைத்து முடியைக் கத்தரிப்போம். துளை எங்கே போட்டாலும் தொப்புளைச் சுத்தம் செய்து வாருங்கள். பல ஆண்டு அழுக்கு உள்ளே கல்போல் இறுகியிருப்பதை நான் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். சோப்பும் தண்ணீரும் பஞ்சும் போதும். சில நாள் முன்பிருந்தே மெதுவாகச் செய்தால் தோல் புண்ணாகாது.

எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று பாவாடை நாடா. தொப்புளின் மேலும் கீழும் உள்ள துளைகள் சரியாக அது இறுக்கும் இடத்தில்தான் வருகின்றன. வியர்வையும் உராய்வும் சேர்ந்து, நன்றாக மூடியிருந்த புண்ணைக் கூடச் சிவக்க வைத்துவிடும். குறைந்தது மூன்று வாரத்துக்கு அம்மா தளர்வான நைட்டியிலேயே இருக்கட்டும். சேலை உடுத்தியே தீர வேண்டும் என்றால், துளைகளுக்கு நன்றாகக் கீழே, அகலமான பட்டையுள்ள பாவாடையைத் தளர்வாகக் கட்டலாம்.

பெரும்பாலும் 48 மணி நேரம் கழித்து, மருத்துவர் சம்மதித்தால், தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம். புண்ணைத் தேய்க்கக் கூடாது. குளித்ததும் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து உலர வைக்க வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் மூழ்கிக் குளிப்பது மட்டும் புண் முழுவதும் மூடும்வரை வேண்டாம். மஞ்சள், வேப்பெண்ணெய், டால்கம் பவுடர், மாத்திரையைப் பொடித்துத் தூவுவது எதுவும் கூடாது. நைலான் தையல் என்றால் ஏழு முதல் பத்து நாளில் பிரிப்போம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சற்றுத் தள்ளிப் பிரிப்பதும் உண்டு. உள்தையலும் பசையும் போட்டிருந்தால் பிரிக்க ஒன்றுமில்லை. அந்தப் பசைப் படலத்தை உரிக்காமல் விடுங்கள், தானே உதிரும்.

அறுவை முடிந்த அன்று வலது தோள்பட்டை வலிக்கிறது என்பார்கள். வயிற்றை வெட்டினால் தோள் ஏன் வலிக்கிறது என்று குடும்பமே பயந்துபோகும். வாயு உதரவிதானத்தை உறுத்துவதால், அதே நரம்பு வழியாகத் தோளில் உணரப்படும் வலி அது. எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் தணியும்.

பத்தியம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முட்டை சீழ் வைக்கும், மீன் புண்ணைக் கிளறும், கத்தரிக்காய் கரப்பான் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரசம் சாதமும் இட்லியும் மட்டும் கொடுத்துப் பத்து நாளில் ஆளைத் துவள வைத்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுத்த அதே பாட்டிகள், அறுவை ஆனவருக்கு மீனைக் கண்ணில் காட்டமாட்டார்கள். புண்ணை மூடும் சதை புரதத்தால்தான் உருவாகிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் சீராக இருந்தால், உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம்வரை புரதம் நாள்தோறும் போக வேண்டும். முட்டை, வேகவைத்த மீன், பயறு, தயிர், நெல்லிக்காய், கொய்யா கொடுங்கள். எண்ணெயில் பொரித்ததை மட்டும் சில வாரம் குறைத்துக்கொண்டால் வயிறு உப்பாமல் இருக்கும்.

இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மலச்சிக்கல் வந்தால் முக்க விடாமல் உடனே மருந்து கேளுங்கள். எரிவாயு சிலிண்டரில் உள்ள வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் அதன் இரு மடங்கு; அதை நகர்த்துவது, கிரைண்டர் கல்லைத் தூக்குவது, நிறைகுடம் எடுப்பது எல்லாம் ஆறு வாரத்துக்குப் பிறகு, சர்ஜன் பார்த்துச் சம்மதித்த பின்புதான்.

நொய்யல் மறுமொழி:

சகோதரி, உங்கள் பெரியம்மாவைப் பற்றிப் படித்ததும் என் கதையையே படித்ததுபோல் இருந்தது. எனக்கு 2019இல் பித்தப்பை அகற்றினார்கள். பன்னிரண்டாம் நாள் அலுவலகம் போனேன். ஐந்தாம் வாரம் மேல்வயிற்றுத் துளையில் வேர்க்கடலை அளவு கெட்டியாகத் தட்டுப்பட்டது, தோல் ஊதா நிறமானது, ஒருநாள் சட்டை நனைந்திருந்தது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. அடுத்த பத்து நாளில் தொப்புளும் அதே மாதிரி ஆயிற்று.

அறுவை செய்த இடத்தில், தையல் நூல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வழக்கமான மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு முறை கீறிச் சுத்தம் செய்தார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் கிருமி வளரவில்லை என்று இரண்டே நாளில் அறிக்கை வந்தது. பிறகு வேறொரு மருத்துவர் சதைத் துண்டை எடுத்துப் பார்த்ததில் காசநோய்க் கிருமிபோல் சாயம் ஏற்கும் நுண்ணுயிர் இருந்ததால், காசநோய் மருந்தைத் தொடங்கினார். இரண்டு மாதம் சாப்பிட்டும் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் தொற்றுநோய் நிபுணர் ஒருவர், சதையைப் பல நாள் வைத்து வளர்க்கச் சொல்லி அனுப்பினார். வந்தது மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம். காசநோயின் உறவுக் கிருமி, ஆனால் காசநோயின் வழக்கமான மருந்துகளுக்கு மசியாதது. கிளாரித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் மாதக்கணக்கில், தொடக்கத்தில் அமிக்கேசின் ஊசி, கூடவே பாதிக்கப்பட்ட சதையை முழுவதுமாக வெட்டி எடுத்தல். அதன் பிறகுதான் விடுதலை.

இந்தக் கிருமி தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது என்று அவர் விளக்கினார். லேப்ராஸ்கோப்பிக் கருவிகள் நீளமானவை, மூட்டுகளும் மேலுறையும் உள்ளவை. அவற்றைப் பிரித்துக் கழுவாவிட்டால் இடுக்கில் சதையும் இரத்தமும் தங்கும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையே குளுட்டரால்டிஹைடு என்னும் கிருமிநாசினிக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரிலோ கொதித்து ஆறிய தண்ணீரிலோ அலசிப் பயன்படுத்தினால், கிருமி கருவியோடு சேர்ந்து துளைக்குள் போய்விடும். சில நாளில் வரும் சாதாரணத் தொற்று வேறு, மூன்று நான்கு வாரம் கழித்து ஆறிய புண் திரும்பத் திறப்பது வேறு என்று முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். உங்கள் பெரியம்மாவுக்கு என்ன கிருமி என்று கண்டறிந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கொள்ளிடக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியம்மாவின் பழைய கோப்பைத் தேடி எடுத்தேன்; அவருக்கும் கிளாரித்ரோமைசின்தான் கடைசியில் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின் இருக்கிறது. மயக்க மருத்துவரிடம் கேட்கப் போகிறோம்.

வைகைவாசி ஐயாவிடம் இரண்டு கேள்விகள். கருவிகளை எப்படிச் சுத்திகரிக்கிறீர்கள் என்று ஒரு சர்ஜனிடம் நோயாளியின் மகள் கேட்பது மரியாதைக் குறைவாகாதா? அடுத்து, கற்களோடு இருக்கும் பித்தப்பையை ஒரு சென்டிமீட்டர் துளை வழியாக எப்படி வெளியே எடுக்கிறார்கள்? துளையைப் பெரிதாக்குவார்களா?

வைகைவாசி:

கேட்பது மரியாதைக் குறைவாகாது, சகோதரி. நான் பணியில் இருந்தபோது யாராவது கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கமாட்டேன். இன்னும் கவனமாக இருந்திருப்பேன். உங்களுக்குக் கேட்கத் தகுந்த காரணமும் இருக்கிறது. எங்கள் பெரியம்மாவுக்கு இப்படி நேர்ந்ததால் பயமாக இருக்கிறது ஐயா, கருவிகளை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) செய்கிறீர்களா, பிளாஸ்மா கருவியில் சுத்திகரிக்கிறீர்களா, ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு) வாயுவா என்று பணிவாகக் கேளுங்கள். ஒரே கருவித் தொகுப்பு அன்று எத்தனை பேருக்குச் சுழல்கிறது என்பதையும் கேட்கலாம். குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் என்பது கிருமியைக் குறைப்பதுதான். முழுச் சுத்திகரிப்புக்கு அதே கரைசலில் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். இரண்டு அறுவைகளுக்கு இடையே அந்த நேரம் கிடைக்காது என்பது அந்த அறையில் வேலை செய்தவர்கள் அனைவருக்கும் தெரியும். நொய்யல் எழுதியதில் ஒரு சொல்லைக் கூட நான் மாற்றமாட்டேன். நம் நாட்டில் இந்தத் தொற்று நாம் ஒப்புக்கொள்வதைவிட அதிகம் என்றே நினைக்கிறேன்.

பித்தப்பையை ஒரு பைக்குள் போட்டு, பையின் வாயைத் துளைக்கு வெளியே இழுத்து, பித்தநீரை உறிஞ்சிவிட்டு, கற்களைப் பைக்குள்ளேயே நொறுக்கி எடுப்பார்கள். விலை கொடுத்து வாங்கும் பைதான் வேண்டும் என்பதில்லை. அறுவைக் கையுறையையே வெட்டிக் கட்டிப் பையாக்கிப் பல்லாயிரம் பேருக்குச் செய்திருக்கிறோம். சீழ்பிடித்த பித்தப்பை துளையின் ஓரங்களைத் தொடாமல் வருவதால் புண் கெடுவது குறையும். கல் பெரிதென்றால் தசையுறையைச் சற்று நீட்டத்தான் வேண்டும். அப்படி நீட்டிய துளைதான் பிற்காலத்தில் பிதுங்க வாய்ப்புள்ள துளை. அதை எங்கே நீட்டுகிறோம், எப்படித் தைத்து மூடுகிறோம் என்பது முக்கியம். உங்கள் அம்மாவுக்கு மேல்வயிற்றுத் துளை வழியே எடுத்தால் தொப்புளுக்கு வேலையே இல்லாமல் போய்விடும். பெருங்குடல் அறுவைகளில் இதையே பெரிய அளவில் பார்க்கிறோம்: குடல் பகுதியை நடுவயிற்றுக் கீறல் வழியே எடுத்தவர்களைவிட, அடிவயிற்றின் குறுக்குக் கீறல் வழியே எடுத்தவர்களுக்குக் குடலிறக்கம் மிகவும் குறைவு. ஜெர்மானிய மகளிர் நோய் மருத்துவர் ஃபானன்ஸ்டீல் 1900இல் எழுதிவைத்த கீறல் அது. துளை அறுவையின் காலத்தில் அது மறுவாழ்வு பெற்றிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஒட்டுகள் அதிகமாக இருந்து, உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால், சர்ஜன் நடுவிலேயே திறந்த அறுவைக்கு மாறலாம். அதைத் தோல்வி என்று எண்ணாமல் இப்போதே அம்மாவிடம் சொல்லி வையுங்கள். மயக்கம் தெளிந்து நீளக் கட்டைப் பார்த்து அதிர்ச்சி அடையும் நோயாளியின் முகம் மறக்க முடியாதது.

கொள்ளிடக்கரை:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். அறுவை முடிந்து இன்று நாற்பத்தாறாம் நாள். சர்க்கரைச் சராசரி 7.6க்கு வந்த பிறகே நாள் குறித்தோம். கருவிகளைப் பற்றி நான் கேட்டபோது சர்ஜன் எங்களை உட்காரச் சொல்லி, ஆட்டோகிளேவ் செய்த பெட்டிகளில் ஒட்டும் அடையாளப் பட்டையைக் கொண்டுவரச் செய்து, நிறம் மாறியிருப்பதைக் காட்டினார்.

இடப்பக்கத் துளையில் கேமரா போட்டதும், பழைய தழும்பின் பின்புறம் நெடுகக் கொழுப்புத் திரை ஒட்டியிருந்ததாம். தொப்புள்வரை வந்து நின்றிருந்தது என்று காணொளியில் காட்டினார். கேமராவுக்கான 10 மில்லிமீட்டர் துளையைத் தொப்புளுக்கு மேலே ஒட்டில்லாத இடம் பார்த்துப் போட்டு, பித்தப்பையை மேல்வயிற்று வழியே எடுத்து, இரண்டு துளைகளிலும் தசையுறையைத் தைத்திருக்கிறார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். தோள்வலி வந்தது, வெண்தாமரை அவர்கள் சொல்லியிருந்ததால் யாரும் பயப்படவில்லை. முட்டைக்கு மட்டும் அம்மா ஒரு வாரம் இணங்கவில்லை.

இப்போது எல்லாத் துளைகளும் மூடியிருக்கின்றன. மேல்வயிற்றுத் துளையின் அடியில் மட்டும் தொட்டால் சிறு கெட்டி தெரிகிறது. நொய்யல் அவர்கள் எழுதியது நினைவுக்கு வந்து நேற்றே அழைத்துப் போனேன். சர்ஜன் அழுத்திப் பார்த்து, இருமச் சொல்லிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார். நீர்த் தேக்கமோ பிதுக்கமோ இல்லை, ஆறும் தழும்பின் தடிப்புத்தான் என்றார். தோல் நிறம் மாறினாலோ ஒரு சொட்டு ஈரம் கசிந்தாலோ மருந்து எதுவும் போடாமல் அன்றே வரச் சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் மூன்றாம் மாத முடிவில் பார்த்தால் போதுமாம். அதுவரை குடம் என் பொறுப்பு.